கேள்விக்குறிகளாகிப் போன 38 நிமிடங்கள்: சப்டைட்டில் கோப்புகளை மாற்றும் ஓர் இலவச மென்பொருள்

சில வருடங்களுக்கு முன்னர் பூண்டுலோயாவுக்கு அருகே, தோட்ட லயம் ஒன்றில் ஓர் அம்மாவின் கதையைக் காணொளியாகப் பதிவுசெய்தேன். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. யுத்தம் முடிந்தபின், மகன் இல்லாமல், அக்காவின் லயத்துக்கே திரும்பி வந்திருந்தார். 38 நிமிடங்கள் பேசினார். தன் கதையைச் சிங்களவர்களும் கேட்கவேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

நண்பர் ஒருவர் சிங்களத்தில் சப்டைட்டில் எழுதித் தந்தார். சிங்கள மாணவர்கள் கூடியிருந்த அறையில் காணொளியை ஓடவிட்டபோது, திரையின் அடியில் வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே வந்தன. தவறு என்னுடையது. நண்பரின் கோப்பில் ஓரிரு வரிகளைத் திருத்த பழைய விண்டோஸ் கணினியின் நோட்பேடில் திறந்து, 'ஆன்சி' என்ற முறையில் சேமித்துவிட்டேன். எழுத்துகள் அழிந்துபோகும் என்று கணினி எச்சரித்தது. வாசிக்காமலே 'ஓகே' அழுத்தினேன்.

சாட்சியங்களைப் பதிவுசெய்யும் பலர் இதேபோன்ற இடங்களில் தடுக்கி விழுவதைப் பிறகு கண்டேன். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தது அதனால்தான். டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலாய் ஓல்சன் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. 300க்கும் மேற்பட்ட சப்டைட்டில் வடிவங்களை வாசித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்.

இத்தனை வடிவங்கள் எதற்கு என்று கேட்கலாம். சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். அதிகம் புழங்கும் எஸ்ஆர்டி வடிவம் இப்படி இருக்கும்:

12
00:01:05,200 --> 00:01:08,900
வரும்போது கையில ஒன்னுமே இல்ல.

வரிசை எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், பேச்சு. அவ்வளவுதான். இணையத்தளங்களின் காணொளிப் பெட்டிகளுக்கான விடிடி வடிவத்தில், நேரத்தில் உள்ள காற்புள்ளி முற்றுப்புள்ளியாக மாறும். கோப்பின் தலையில் அடையாளச் சொல் ஒன்றும் வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் சப்டைட்டில் வராது. யூடியூப் இரண்டையும் ஏற்கும். பேஸ்புக் கேட்பது எஸ்ஆர்டி. அங்கே கோப்பின் பெயரோடு மொழி, நாட்டுக் குறியீட்டையும் சேர்க்கவேண்டும். சிங்களத்துக்கு இலங்கையின் குறியீடு உண்டு. தமிழுக்கு, நாம் பூண்டுலோயாவில் பேசினாலும் யாழ்ப்பாணத்தில் பேசினாலும், இந்தியாவின் குறியீடுதான்.

மாற்றும் வேலை சுலபம். கோப்பைத் திறந்து, மேலே வடிவத்தையும் எழுத்துக் குறியாக்கத்தையும் தெரிவுசெய்து, 'சேவ் ஆஸ்' கொடுத்தால் போதும். குறியாக்கம் எப்போதும் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். நிறையக் கோப்புகள் இருந்தால் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள 'பேட்ச் கன்வர்ட்' எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றித் தரும்.

சிக்கல் பெரும்பாலும் எழுத்தில்தான் வருகிறது. திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்தாலே நோயைக் கண்டுபிடிக்கலாம். சதுரப் பெட்டிகள் தெரிந்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கணினியில் உரிய எழுத்துரு இல்லை. தலையில் கோடும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், யுடிஎஃப்-8 கோப்பை மென்பொருள் வேறு குறியாக்கமாக வாசிக்கிறது. அதையும் மீட்கலாம். சேமித்த கோப்பைத் திறந்தாலும் கேள்விக்குறிகள்தான் என்றால் எழுத்து போய்விட்டது. எந்த மென்பொருளாலும் திருப்பித் தரமுடியாது. எனக்கு நடந்தது இது.

நான்காவது ஒன்றும் உண்டு. 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தால் அது பாமினி. நம் நாட்டில் பத்திரிகைகள், அச்சகங்கள், நிறுவனங்கள் என்று எங்கும் வருடக்கணக்காகப் பாமினியில்தான் தட்டச்சு செய்தோம். பழைய நேர்காணல்களின் எழுத்துப்படிகள் இன்னும் அதில் கிடக்கின்றன. இணையத்தில் உள்ள பாமினி–யுனிகோட் மாற்றியில் எஸ்ஆர்டி கோப்பை முழுதாகப் போட்டுவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆகவே நேரத்தில் உள்ள காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகிவிடும், அம்புக்குறியும் சிதையும். பேச்சை மட்டும் தனியே பிரித்து மாற்றி, பிறகு வரிகளுக்குள் திரும்ப வையுங்கள். எஃப்எம் அபய போன்ற பழைய சிங்கள எழுத்துருக்களுக்கும் அவற்றுக்கே உரிய மாற்றி வேண்டும்.

நேரம் பிசகுவது அடுத்தது. சில பழைய வடிவங்கள் நேரத்துக்குப் பதிலாகப் பிரேம் எண்ணிக்கையில் கணக்கு வைக்கும். வினாடிக்கு 25 பிரேம் காணொளிக்குச் செய்ததை 23.976 என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணித்தியால முடிவில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இரண்டரை நிமிட இடைவெளி விழும். மென்பொருளின் 'சேஞ்ச் பிரேம் ரேட்' இதைச் சரிசெய்யும்.

நம்மைப் போன்றவர்கள் அதிகம் யோசிக்கவேண்டியது வேறொன்று. பதிவேற்றினால் மாற்றித் தரும் இணையத்தளங்கள் நிறைய உண்டு. சினிமாவுக்கு அவை போதும். காணாமலாக்கப்பட்டவரின் பெயர், ஊர், கைதான திகதி, சாட்சி சொல்பவரின் உறவுமுறை எல்லாம் சப்டைட்டிலில் எழுத்தாகவே இருக்கும். முகத்தை மங்கலாக்கிவிட்டு, அந்தக் கோப்பை முன்பின் தெரியாத சேவையகத்துக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. சப்டைட்டில் எடிட்டைக் கணினியில் நிறுவினால், வடிவம் மாற்ற இணைய இணைப்பே தேவையில்லை. அதே பெயரில் உலாவியில் ஓடும் பதிப்பும் உண்டு. சாட்சியங்களுக்கு நான் கணினியில் நிறுவியதைத்தான் பயன்படுத்துகிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப எழுத்தைக் காணொளியோடு பதித்தாகவேண்டும். தனிக் கோப்பை அது காட்டாது. ஆனால் பதித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தோடு ஒட்டிய எழுத்தைத் திருத்தமுடியாது, இன்னொரு மொழிக்கு எடுக்கமுடியாது, தேடவும் முடியாது.

நண்பரிடம் அந்தக் கோப்பின் பிரதி இருக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து முழுவதையும் எழுதித் தந்தார். இப்போது எழுத்து பதிக்காத காணொளி, தமிழ் எஸ்ஆர்டி, சிங்கள எஸ்ஆர்டி மூன்றையும் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி பென் டிரைவில் அந்த அம்மாவின் பேத்தியிடம் இருக்கிறது. சப்டைட்டில் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை.