கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே

முதல் உலகப் போர். 1915 மே மாதம், துருக்கியின் கல்லிப்போலி. ஆஸ்திரேலியரின் பதுங்குகுழிக்கும் துருக்கியரின் பதுங்குகுழிக்கும் நடுவே சில இடங்களில் கல்லெறி தூரம்தான். குறிபார்க்கத் தலையைத் தூக்கியவர்கள் அப்படியே பின்னால் சாய்ந்தார்கள். அந்தச் சாவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த வில்லியம் பீச். போருக்கு முன் சிட்னியில் கட்டட மேஸ்திரி.

மேஸ்திரிக்குத் தெரிந்தது மரமும் மட்டமும். பெட்டிப் பலகைகளை அறைந்து ஒரு சட்டம் செய்தார். அதன் உச்சியில் துப்பாக்கியைக் கட்டினார். துப்பாக்கியின் குறிகளுக்கு நேர் பின்னால் ஒரு முகக்கண்ணாடித் துண்டையும், சட்டத்தின் அடியில் தன் கண்ணுக்கு எதிரே இன்னொன்றையும் பொருத்தினார். விசையை இழுக்க ஒரு கயிறு. துப்பாக்கி மண்சுவரின் மேலே இருக்க, சுடுகிறவரின் தலை பத்திரமாகக் கீழே இருந்தது. அந்தப் பக்கமாக வந்த மேஜர் தாமஸ் பிளேமி இதைப் பார்த்தார். பீச்சைத் தலைமையகத்துக்கு வரவழைத்தார். சில நாளில், ஆஸ்திரேலியர் இறங்கியிருந்த ஆன்சாக் கடற்கரையில் பட்டறை ஒன்று முளைத்தது. கப்பல்களில் இருந்த முகக்கண்ணாடிகள் கழற்றப்பட்டு அங்கே வந்து சேர்ந்தன.

துப்பாக்கியில் பார்வைக் கருவியை எங்கே, எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி இன்று பொழுதுபோக்குக்காரர்களின் கேள்வி. ஆஸ்திரேலியர்களுக்கு அது உயிர்க் கேள்வியாகவே தொடங்கியது. அதே கல்லிப்போலியில் பேர்பெற்ற குறிசுடுநர் பில்லி சிங், சீனத் தந்தைக்குப் பிறந்த குவீன்ஸ்லாந்துக்காரர், வேறொரு விடை கண்டிருந்தார். அவருடைய துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி கிடையாது. அது பக்கத்தில் படுத்திருந்த தோழரின் கையில் இருந்தது. அப்படி அவருக்கு இலக்குச் சொன்னவர்களில் ஒருவர் அயன் இட்ரியஸ். பின்னாளில் நாடறிந்த எழுத்தாளர்.

அவர்கள் கையில் இருந்த துப்பாக்கி, நம்மூர்ப் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த அதே '303' லீ என்ஃபீல்டுதான். அதில் ஐந்து தோட்டாக்கள் கோத்த கிளிப்பை மேலிருந்து அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். நேர் மேலே தொலைநோக்கி இருந்தால் கை போகாது. எனவே பிரிட்டிஷ் ராணுவம் அதை இடப்பக்கமாக ஒதுக்கிப் பொருத்தியது. காகிதத்தில் நல்ல யோசனை. பிரான்சின் பதுங்குகுழியிலோ, இரும்புத் தகட்டில் வெட்டிய குறுகலான துளை வழியாகத்தான் சுட வேண்டும். குழல் துளைக்கு வெளியே பார்க்க, தொலைநோக்கி தகட்டைப் பார்த்தது. குறிசுடும் பயிற்சிப் பள்ளியை நடத்திய ஹெஸ்கத் பிரிச்சர்டு இதைப் பற்றி மனம் நொந்து எழுதினார். கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தாங்கும் இரும்பு தவறான இடத்தில் இருந்தால் எல்லாம் வீண்.

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியாவுக்கு அந்த நல்ல கண்ணாடியும் கையில் இல்லை. லென்ஸுக்கான கண்ணாடியை அந்த நாடு அதுவரை உருக்கியதே இல்லை. அதில் குமிழி கூடாது, நரம்பு ஓடக் கூடாது, மணலில் இருக்கும் துளி இரும்பின் பச்சைச் சாயல்கூடக் கூடாது. உருக்கும் மண்பானையே கரைந்து கலவையைக் கெடுத்துவிடும். ஆற வைப்பதில் அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். 1940இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் தாமஸ் லேபி தலைமையில் ஒரு குழு அமைந்தது. வேதியியல் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹார்ட்டுங் கண்ணாடியின் செய்முறையைக் கண்டறிய, சிட்னியில் ஆஸ்திரேலியன் கன்சாலிடேட்டட் இண்டஸ்ட்ரீஸ் அதை உருக்கியது. ஹோபார்ட்டில் எரிக் வாட்டர்வர்த் முப்பட்டகங்களைச் செதுக்கித் தந்தார். குண்டு வீசியவர்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. பானையருகே வியர்த்த இவர்களைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

கண்ணாடி கிடைத்தது. அடுத்தது இரும்பு. சிட்னிக்கு மேற்கே, நீலமலைகளைத் தாண்டினால் லித்கோ என்ற நிலக்கரி ஊர். அங்கே 1912 ஜூன் 8 அன்று திறந்த சிறுபடைக்கல ஆலைக்கு அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் எந்திரங்கள் தந்திருந்தது. 1944இலிருந்து 1946 வரை அந்த ஆலை தடித்த குழல் கொண்ட 303களைப் பொறுக்கியெடுத்து, தொலைநோக்கி ஏற்றி, 'எச்.டி.' என்ற பெயரில் சுமார் 1,600 துப்பாக்கிகளை ஆக்கியது. தொலைநோக்கி ஆஸ்திரேலியன் ஆப்டிகல் கம்பெனியின் தயாரிப்பு; ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாக்கும். வடிவமைப்பு மட்டும் 1918ஆம் ஆண்டினுடையது. போர் நடுவே புதிதாக வரைந்துகொண்டிருக்க நேரமில்லை.

இந்த முறை தொலைநோக்கி இடப்பக்கம் ஒதுங்கவில்லை. குழலுக்கு நேர் மேலே உட்கார்ந்தது. எவ்வளவு உயரத்தில் என்பதில்தான் ஆலை இரண்டு வழிகளை வைத்துக்கொண்டது. ஒன்று உயரமான தாங்கி, மற்றொன்று தாழ்ந்தது. உயரத்தில் வைத்தால் அடியில் இடைவெளி கிடைக்கும். தொலைநோக்கி உடைந்தாலோ மழையில் மங்கினாலோ கழற்றாமலே இரும்புக் குறியைப் பார்த்துச் சுடலாம். ஆனால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். கன்னம் படியாமல் தலை ஆடினால் குறியும் ஆடும். தாழ்த்தி வைத்தால் கன்னம் படியும், இரும்புக் குறி மறையும். தாங்கியின் நகங்கள் துப்பாக்கியின் மேலுள்ள பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். அவற்றைக் கையால் ராவிப் பொருத்தியதால், ஒரு துப்பாக்கியின் தொலைநோக்கி இன்னொன்றுக்கு ஒத்துவராது. ஜோடி பிரியாமல் இருக்க எண் பொறித்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டும், பெரும்பாலானவை தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. அவற்றுக்கான வேலை கொரியாவில் வந்தது. அங்கே ஆஸ்திரேலியாவின் மூன்றாம் பட்டாலியனில் இயன் ராபர்ட்சன் போன்ற குறிசுடுநர்கள் இவற்றைத் தூக்கிச் சென்றார்கள்.

ரிவால்வருக்கும் இந்தப் போர்க்காலத் தயாரிப்பில் ஒரு சிறு பங்கு உண்டு. 1941இல், மண் கிளறும் எந்திரம் செய்துவந்த ஹோவர்டு ஆட்டோ கல்டிவேட்டர்ஸ் என்ற நியூ சவுத் வேல்ஸ் நிறுவனம், ராணுவத்துக்காக என்ஃபீல்டு ரிவால்வர் செய்யப் பார்த்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தவில்லை. சில நூறோடு நின்றுபோயிற்று.

ரிவால்வரில் தொலைநோக்கி ஏற்றி மான் வேட்டைக்குப் போவது அமெரிக்க வழக்கம். அதில் கை நீட்டிய தூரத்தில் கண் இருக்கும். எனவே கண்ணுக்கு வெகு தள்ளியிருந்தாலும் முழுக்காட்சி தருகிற தொலைநோக்கி வேண்டும். கனத்த தோட்டாவின் உதைப்பில் தாங்கியின் திருகுகள் தளராமலும் இருக்க வேண்டும். ஆனால் சிட்னியிலோ மெல்போர்னிலோ சாதாரண உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக வழியில்லை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின் துப்பாக்கிச் சட்டங்கள் நாடு முழுக்க இறுகின. 2002 அக்டோபரில் மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வந்தது. விளையாட்டுக்கான ரிவால்வரின் குழல் 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, விட்டம் .38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் .45 வரை அனுமதி, அங்கீகரித்த சில போட்டிகளுக்கு மட்டும்.

அவற்றில் ஒன்று உலோக உருவச் சுடுதல். வெட்டவெளித் தளத்தில் 50 மீட்டரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200இல் செம்மறிக்கடா என்று நான்கு வரிசை நிற்கும். எல்லாம் இரும்புத் தகடு. குண்டு பட்டால் ணங்கென்று ஒலித்துக் கீழே விழும். சுட்டு முடித்தவர் நடந்து போய் அவற்றை மறுபடி நிமிர்த்தி வைப்பார்.