பாப்பு–போக்–நியூகெர்க் வால்வெள்ளி: ஒரு நீள்கால வால்வெள்ளியின் சுற்றுப்பாதை வரலாறு

பாப்பு–போக்–நியூகெர்க் வால்வெள்ளி 1949 யூலை 2ஆம் திகதி, ஒளிப்படத் தட்டு ஒன்றில் கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர் சென்னையில் 1927இல் பிறந்து, ஹாவட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வைணு பாப்பு. அவருடைய ஆசிரியர் பார்ட் போக், சக ஆய்வாளர் கோர்டன் நியூகெர்க் ஆகியோரின் பெயர்களும் அதனுடன் இணைந்தன. இன்றைய குறியீட்டு முறையில் அது ‘சி/1949 என்1’ எனப்படுகிறது. ‘சி’ என்பது 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுற்றுக்காலத்தையும், ‘என்1’ என்பது யூலை முதற்பாதியின் முதலாவது கண்டுபிடிப்பு என்பதையும் குறிக்கும்.

வால்வெள்ளிகளின் பாதையைக் கணிக்கும் முறை, 1680ஆம் ஆண்டு வால்வெள்ளிக்கு நியூட்டன் பரவளைவுப் பாதை வகுத்ததிலிருந்து வளர்ந்தது. எட்மண்ட் ஹாலி 1705இல் 24 வால்வெள்ளிகளின் பாதைகளை வெளியிட்டார். பரவளைவுப் பாதையை எளிதாகக் கணிக்கும் வழியை ஒல்பர்ஸ் 1797இல் தந்தார். அன்று முதல் நடைமுறை ஒன்றே: சில இரவுகளின் அவதானங்களிலிருந்து முதலில் பரவளைவு பொருத்தப்படும், அவதானங்கள் பெருகப் பெருக, உண்மைப் பாதை அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கப்படும். அந்தச் சிறு விலகலே சுற்றுக்காலத்தைத் தீர்மானிக்கிறது.

பாப்புவின் வால்வெள்ளிக்கு இவ்வாறு கிடைத்த சுற்றுக்காலம் ஏறக்குறைய 60,000 ஆண்டுகள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, அதன் நீள்வளையப் பாதையின் அரைப்பேரச்சு சுமார் 1,530 வானியல் அலகு (ஓர் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம்) ஆகும். சூரியனை ஏறத்தாழ 2 வானியல் அலகு தூரம் வரை நெருங்கும் அது, மறுமுனையில் 3,000 வானியல் அலகுக்கும் அப்பால் செல்கிறது. சூரியனருகே அதன் வேகம் செக்கனுக்கு 29 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தொலைமுனையில் அது செக்கனுக்கு 20 மீட்டராகக் குறைந்துவிடும். கொழும்பு மருதானையிலிருந்து புறப்படும் கடுகதிப் புகையிரதம் திறந்த வெளியில் எட்டும் வேகம் அவ்வளவுதான். ஆகவே அந்த வால்வெள்ளி தன் வாழ்நாளின் மிகப்பெரும் பகுதியைத் தொலைவிலேயே கழிக்கிறது.

60,000 என்ற எண்ணை நிலையான பெறுமானமாகக் கொள்ளக்கூடாது. அரைப்பேரச்சின் தலைகீழ் சுமார் 0.00065. அதில் 0.0001 கூடினால் சுற்றுக்காலம் 48,000 ஆண்டுகளாகக் குறையும். அதே அளவு குறைந்தால் 77,000 ஆண்டுகளாக நீளும். கோள்களிடையே ஒருமுறை கடந்து செல்லும் வால்வெள்ளிக்கு, பெரும்பாலும் வியாழனின் ஈர்ப்பால், இதைவிடப் பெரிய மாற்றமே ஏற்படக்கூடும். ஹேல்–பொப் வால்வெள்ளி இதற்குச் சிறந்த சான்று. அது 1996 ஏப்ரலில் வியாழனை 0.77 வானியல் அலகு தூரத்தில் கடந்தது. அதனால் 4,200 ஆண்டளவில் இருந்த அதன் சுற்றுக்காலம் சுமார் 2,500 ஆண்டுகளாகச் சுருங்கியது.

எனவே ஒரு நீள்கால வால்வெள்ளிக்கு மூன்று பாதைகள் உண்டு: கோள்களின் எல்லைக்குள் வருமுன் இருந்தது, அவதானிக்கப்படும்போது உள்ளது, வெளியேறிய பின் அமைவது. முதலாவதை அறிய, கோள்களின் ஈர்ப்பைக் கணக்கில் எடுத்துப் பின்னோக்கிக் கணிக்க வேண்டும். பாப்புவின் கண்டுபிடிப்புக்கு அடுத்த ஆண்டில், நெதர்லாந்து வானியலாளர் யான் ஊர்ட் இவ்வகையில் துல்லியமாகக் கணிக்கப்பட்ட 19 வால்வெள்ளிகளை ஆராய்ந்தார். அவற்றுட் பலவற்றின் மூலப்பாதைகள் பல்லாயிரம் வானியல் அலகு தொலைவிலிருந்து தொடங்கின. சூரியனைச் சூழ்ந்த பெரும் வால்வெள்ளித் திரள் ஒன்று உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தது இதனாலேயே. இத்தகைய தொலைவோடு ஒப்பிட்டால், பாப்புவின் வால்வெள்ளி எட்டும் 3,000 வானியல் அலகு என்பது மிக உள்ளடங்கிய எல்லை.

1949ஆம் ஆண்டு வால்வெள்ளியைக் கண்டுபிடித்ததற்காகப் பசிபிக் வானியல் கழகம் பாப்புவுக்கு டொனோ வால்வெள்ளிப் பதக்கம் வழங்கியது. 1960இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளரான அவர், சவ்வாது மலையில் காவலூர் நிலையத்தை உருவாக்கினார். 1968இல் 38 சென்ரிமீட்டர் தொலைகாட்டியும், 1972இல் 1 மீட்டர் தொலைகாட்டியும் அங்கே இயங்கத் தொடங்கின. பாப்பு 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைகாட்டி 1986இல் அவர் பெயரையே பெற்றது. காவலூரில் பின்னர் வால்வெள்ளிகளையும் சிறுகோள்களையும் தேடும் ‘கல்கி’ திட்டமும் நடந்தது. பாப்பு ஹாவட்டில் ஒளிப்படத் தட்டில் செய்த வேலை, இவ்வாறு தமிழ்நாட்டு மலையில் ஒரு நிலையான ஆய்வு மரபாகத் தொடர்ந்தது.