துரு முதலில் தின்பது பெயரை

அம்பத்தூர், பாடி, ஆவடி பக்கத்துக் காயலான் கடைகளில் பழைய இரும்பு டூல் பாக்ஸ் கிலோ கணக்கில்தான் விலை போகும். மூடி இருக்கிறதா, கீல் அசைகிறதா, உள்தட்டு முழுசாக இருக்கிறதா என்பதெல்லாம் கடைக்காரருக்குப் பொருட்டே இல்லை. தராசில் வைத்தால் நாலு கிலோ, அஞ்சு கிலோ. அன்றைக்கு இரும்பு என்ன விலையோ அதுதான் பெட்டியின் விலை. ஒருகாலத்தில் தள்ளுவண்டியோடு தெருவுக்கு வந்து பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் கணக்கும் இதேதான்.

சில வருஷங்களாக இந்தப் பெட்டிகளை வாங்கிச் சேர்க்கிறேன். துரு எடுத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு வைப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு தகரப் பொட்டியில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசிப் பெட்டிகளின் மூடியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்த எண். இன்னொன்று, பெயிண்டில் கையால் எழுதிய பெயர். எண் நிர்வாகம் கொடுத்தது. பெயர், அந்த ஆள் தானே எழுதிக்கொண்டது. மேற்குச் சென்னையின் தொழில் வரலாற்றை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் படிக்க முடியும் என்பது என் எண்ணம்.

*

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் அடுத்த தொண்ணூறு வருஷங்களுக்கு இவை பெரும்பாலும் ஏரியும் வயலுமாகவே கிடந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடிக்கு ராணுவக் கிடங்கு வந்தது. 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலஸ் சைக்கிள் அங்கிருந்து வந்ததுதான்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச மாதிரி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஆவடிக்கு இருக்கிற இடம் அந்த ஒரு வரிதான். ஆனால் அடுத்த பத்து வருஷங்களில் அந்த ஊரைச் சுற்றி நடந்தது தீர்மானத்தைவிடப் பெரிய கதை. அதே 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்த வருஷங்களில் பெரும்பாலும் காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டியில் 1958இல் செய்துபார்த்த தொழிற்பேட்டையை இன்னும் பெரிதாக்கி, அறுபதுகளின் நடுவில் அம்பத்தூரில் அமைத்தார்கள். இன்றைக்கும் ஷேர் ஆட்டோக்காரர் 'எஸ்டேட், எஸ்டேட்' என்று கூவுவது அதைத்தான்.

இத்தனை ஆலைகளுக்கும் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் வேண்டும். ஐடிஐ பயிற்சித் திட்டம் 1950இலேயே தொடங்கியிருந்தது. அப்ரன்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. ஊரில் அப்பா ஏர் பிடித்தவர், மகன் கையில் ஃபைலோடு வைஸ் முன்னால் நின்றார். அந்த மகனுக்கு ஸ்பானர், ஃபைல், சுத்தி, கேலிப்பர் எல்லாம் போட்டு வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

*

அந்தப் பெட்டிக்குத் தகடு எங்கிருந்து வந்தது? இரும்பு கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. விருப்பப்பட்ட அளவுக்குக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. கோட்டா, பெர்மிட் என்று அலைய வேண்டும். ரூர்கேலா ஆலை 1959இல் இயங்கத் தொடங்கியபோதுதான் பொதுத்துறையில் தகடு உருட்டும் ஆலை என்று ஒன்று வந்தது. 1967இலிருந்து சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று மத்திய அரசு ஒதுக்கிவைத்தது. 47 பொருட்களோடு தொடங்கிய அந்தப் பட்டியல் பின்னால் நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. ஸ்டீல் நாற்காலி, மேசை, அலமாரி போன்றவை 2015 வரை அதில் இருந்தன. எஸ்டேட்டில் சின்னச் சின்ன ஷீட் மெட்டல் பட்டறைகள் பிழைத்ததற்கு இந்த ஒதுக்கீடும் ஒரு காரணம். அலமாரிக்குத் தகடு மடிக்கத் தெரிந்தவருக்கு டூல் பாக்ஸ் ஒரு விஷயமே இல்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். 20 கேஜ் தகடு, அதாவது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். (கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7.) வெட்டி, மடித்து, மூலையில் ஸ்பாட் வெல்டிங் வைத்து, பிடியையும் கீலையும் ரிவெட் அடிக்க வேண்டும். நல்ல பெட்டியா என்று பார்க்க விளிம்பைத் தடவினால் போதும். தகட்டின் ஓரத்தை உள்ளே மடித்துத் தட்டியிருந்தால் கை கிழிக்காது, பெட்டியும் நெளியாது. தகட்டு வேலை கற்க வருகிறவர்கள் முதலில் பழகும் பாடங்களில் ஒன்று இந்த ஓர மடிப்பு. அவசரத்தில் செய்த பெட்டியில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

*

பெட்டிகளில் தயாரித்த வருஷம் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவையே இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்பேன். இந்தியாவில் மெட்ரிக் முறை 1958 அக்டோபரில் அறிமுகமாகி, சில வருஷங்களில் கட்டாயமானது. ஆனால் அம்பத்தூர், பாடி ஆலைகளில் பலவற்றின் கூட்டாளிகள் பிரிட்டிஷ்காரர்கள். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை அளவு பிரிட்டிஷ் இயந்திரங்களோடு இங்கே வந்திறங்கியது. பெட்டியின் நீளம் சரியாக 18 அங்குலம், கீலில் விட்வொர்த் மரை என்றால் அது பழைய கை. பட்டறை மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் மேஸ்திரியின் கை அங்குலத்திலேயே நிற்கும் என்பதால் இதை மட்டும் வைத்து வருஷம் சொல்லிவிட முடியாது.

அடுத்தது பெயர்த் தகடு. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது. முகவரியில் 600 058 என்று ஆறு இலக்கம் இருந்தால், பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. 58 என்பது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கான எண். 'சென்னை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 1996க்குப் பிறகு. பெயிண்டும் கொஞ்சம் சொல்லும். சுத்தியலால் தட்டின மாதிரி புள்ளி புள்ளியாக மின்னும் ஹாமர்டோன் சாம்பல், இயந்திரங்களுக்கு அடிக்கிற பச்சை, ராணுவப் பச்சை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு டிபார்ட்மென்ட் மாற்றமாக இருக்கலாம். அல்லது ஒரு ஆயுத பூஜையாக இருக்கலாம்.

ஆயுத பூஜை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அன்றைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற கை பெட்டிக்கும் வைக்கும். வருஷா வருஷம் வைத்த சந்தனமும் குங்குமமும் ஹாமர்டோனின் குழிகளில் இறங்கி, கழுவினாலும் முழுதாகப் போகாது. மூடியின் உட்புறம் இன்னும் அந்தரங்கமானது. முருகன், வேளாங்கண்ணி மாதா, எம்ஜிஆர் ஸ்டிக்கர்கள். பென்சிலில் போட்ட ஓவர்டைம் கூட்டல். ஷாப்ஃப்ளோரில் ஒரு தொழிலாளிக்கென்று இருந்த சுவர் அந்த மூடியின் உட்புறம்தான்.

*

டூல் பாக்ஸ் சேகரிப்பு அமெரிக்காவில் பெரிய சங்கதி. அங்கே ஒஹையோ மாநிலத்தில் 1906இல் தொடங்கிய கெர்ஸ்ட்னர் நிறுவனத்தின் மரப்பெட்டிகளுக்கும், 1911இல் தொடங்கிய கென்னடியின் பழுப்பு நிற இரும்புப் பெட்டிகளுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. அவற்றை வைத்து எழுதுகிறவர்கள் 'தாத்தாவின் பெட்டி' என்று தொடங்குவார்கள். அது நியாயம்தான். அங்கே மெஷினிஸ்ட் தன் கருவிகளைத் தானே வாங்குவது வழக்கம். பெட்டியும் அவர் சொத்து. வேலை மாறினால் கூடவே எடுத்துப்போவார். செத்தால் பேரனுக்குப் போகும்.

நம் பக்கத்துப் பெரிய ஆலைகளில் கதை வேறு. கருவி ஸ்டோரில் இருக்கும். பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு மைக்ரோமீட்டரை வாங்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். அன்றாடம் தேவைப்படும் சாமான்களையும் பெட்டியையும் ஆளின் பேரில் பதிவேட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். ரிட்டயராகும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்து 'நோ டியூ' வாங்கினால்தான் பணம். சுருக்கமாகச் சொன்னால், பெட்டி கம்பெனியோடது, தொங்கும் பூட்டு மட்டும் தொழிலாளியோடது. அதனால்தான் மூடியில் அந்த எண். அது டிக்கெட் நம்பர். ஆளுக்கும் அதுதான், பெட்டிக்கும் அதுதான். எங்கள் துறையிலும் எம்ப்ளாயி ஐடி உண்டு. ஆனால் வேலையை விட்ட அன்று சாயங்காலமே அது சிஸ்டத்திலிருந்து காணாமல் போய்விடும். இரும்பில் அடித்த எண் அப்படிப் போவதில்லை.

பேரனுக்குப் போகாத பெட்டி எங்கே போகும்? கழித்துக்கட்டிய சாமானாக ஏலத்துக்குப் போகும். மத்திய அரசின் பழைய இரும்பு ஏலங்களை நடத்த, 1964இல் தொடங்கிய எம்எஸ்டிசி என்ற நிறுவனம் இருக்கிறது. இத்தனை டன் என்று லாட் கட்டி விற்பார்கள். டன்லப் மாதிரி மூடிப்போன ஆலைகள் ஒருபக்கம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எஸ்டேட்டுக்குள் புகுந்த தண்ணீர் இன்னொரு பக்கம். நிலத்தின் விலை ஏறி, பட்டறை இருந்த மனைகள் சிலவற்றில் கண்ணாடி போட்ட ஐடி கட்டடங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டிகள் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன.

நிறுவனங்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பொன்விழா மலர்கள் இருக்கின்றன. அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை இருக்கிறது; பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் தலைவராக இருந்தவரின் பெயர் அது. அந்த வாசலைத் தாண்டிப்போகும் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவரின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? ஓய்வூதியக் காகிதத்தில் ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் ஒன்று. மூன்றாவது இந்த மூடியில்.

*

இனி துரு எடுக்கும் விஷயம்.

இணையத்தில் பார்க்கிற ரெஸ்டோரேஷன் வீடியோக்களின் இலக்கணம் ஒன்றுதான். துருப்பிடித்த சாமான், மணல் வீச்சு, பளபளக்கும் இரும்பு, புதுப் பெயிண்ட். பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். வீட்டிலேயே செய்ய எலக்ட்ரோலிசிஸ் வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், கொஞ்சம் வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸைப் பெட்டிக்கும் பிளஸை ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் துரு இளகிவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். இந்த முறையில் நல்ல இரும்பு தேயாது. ஆனால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். சோடாத் தண்ணீருக்கு ஹாமர்டோன் எது, பெயர் எது என்று தெரியாது.

உப்புத்தாளுக்கும் தெரியாது. அதுபோக, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்த பெயிண்டைத் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுப்பது புத்திசாலித்தனமில்லை.

பெயர் இருக்கும் பெட்டிக்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. கடுக்காய். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சி எழுதிய ஊர் இது. கடுக்காயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக் கருநீலமாக மாறும். ஐரோப்பாவில் ஓக் மரக் காய்ப்புகளை வைத்துச் செய்த மையும் இதே வேதியியல்தான். கடையில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்களில் பலவும் டானிக் அமிலத்தை நம்பியவை. உதிரும் துருவை மட்டும் மெல்லத் துடைத்துவிட்டு, கடுக்காய்க் கஷாயத்தைச் சின்ன பிரஷ்ஷால் துருவின் மேல் தொட்டு வைத்தால், சிவப்பு கறுப்பாகும். எழுத்தின் ஓரம் வரை போய் நிறுத்திக்கொள்ளலாம். காய்ந்த பிறகு மெழுகு பூசிவிட்டால் போதும். பெட்டி புதுசு மாதிரி ஆகாது. கறுப்புத் திட்டுகளோடு, பழசாகத்தான் இருக்கும். மை செய்கிற அதே பொருள் எழுத்தைக் காப்பாற்றுகிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எண்ணுக்கு இந்தக் கவலையெல்லாம் தேவையில்லை. பஞ்ச் அடிக்கும்போது இரும்பின் மேற்பரப்பு மட்டும் குழிவதில்லை. அடியில் இருக்கும் படிக அமைப்பும் நசுங்குகிறது. திருட்டு வண்டியின் சேசிஸ் எண்ணை ராவி எடுத்த பிறகும், தடயவியல் துறையினர் அமிலம் தடவி அதைத் திரும்ப வரவழைப்பது இதனால்தான். தகடு ஓட்டையாகிற வரை நிர்வாகம் அடித்த எண் இரும்புக்குள் இருக்கும். பெயர் அப்படியில்லை. எனாமலின் மேல் எனாமல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெயிண்டின் கீறலில் ஈரம் இறங்கி, அடியில் துரு பொங்கி, முதலில் உரிந்து விழுவது அதுதான்.

என்னிடம் இருக்கும் ராணுவப் பச்சைப் பெட்டி ஒன்றில் நான்கு இலக்க எண் நேற்று அடித்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் இனிஷியலும் 'மூர்த்தி' என்ற முடிவும் மிச்சம். கிருஷ்ணமூர்த்தியோ, தட்சிணாமூர்த்தியோ, ராமமூர்த்தியோ. விடுபட்ட எழுத்துகளை ஊகித்து எழுதி நிரப்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நான் நிரப்பவில்லை. மிச்சமிருக்கும் எழுத்துகளின் மேல் மெழுகு பூசி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருதடவை, மழைக்காலத்துக்கு முன்னால், மறுபடி பூச வேண்டும்.