விண்வெளிப் பயணத்தில் மனித–இயந்திர உரையாடல்: ஒரு வரலாறு

விண்கலத்தில் செல்லும் மனிதர் கணினியிடம் ஒன்றைக் கேட்பதும், கணினி விடை தருவதும், தேவையானபோது கணினி அவரைத் திருப்பிக் கேட்பதும் மனித–இயந்திர உரையாடல் எனப்படுகிறது. மொழியியலும் கணினியியலும் சந்திக்கும் இத்துறை 1960களில் அப்பல்லோ திட்டத்தோடு தொடங்கியது. முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் பலர் இன்றும் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

பேசும் விண்வெளிக் கணினி என்றதும் 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற திரைப்படத்தின் ஹால் என்னும் கணினி பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், இயந்திரத்தைப் பேசவைப்பது மட்டுமே ஆய்வாளர்களின் சிக்கலாக இருக்கவில்லை. மனிதர் தவறாகச் சொன்னால் இயந்திரம் என்ன செய்ய வேண்டும்? தன்னிடம் பேசவில்லை என்பதை அது எப்படி அறியும்? இந்த இரு கேள்விகளும் இவ்வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன.

வினையும் பெயரும்

அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினியை அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவியியல் ஆய்வகம் உருவாக்கியது. அதன் முகப்பில் 19 விசைகளும் எண்களைக் காட்டும் திரையும் இருந்தன. எழுத்தில் தட்டச்சு செய்ய வசதி இல்லை. எனவே எண்களைக் கொண்டே வாக்கியம் அமைக்கும் முறை ஒன்று வகுக்கப்பட்டது.

கட்டளைகள் பொதுவாக இரண்டு பகுதிகளைக் கொண்டவை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஈரிலக்க எண் 'வினைச்சொல்'. எதன்மீது செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஈரிலக்க எண் 'பெயர்ச்சொல்'. எடுத்துக்காட்டாக, வினை 16 என்றால் 'தொடர்ந்து காட்டு'. பெயர் 36 என்றால் 'கடிகார நேரம்'. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கணினி நேரத்தைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். நம் பள்ளி இலக்கணத்தின் முதல் பாடமே நிலவுக்குச் சென்ற கணினியின் மொழியாக இருந்தது.

இந்த உரையாடல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கணினி ஒன்றைக் கேட்க விரும்பினால் வினை, பெயர் எண்கள் விட்டுவிட்டு ஒளிரும். முக்கிய எந்திரத்தை இயக்கும் முன் வினை 99 ஒளிரும். 'எந்திரத்தை இயக்க அனுமதிக்கிறீர்களா?' என்பது அதன் பொருள். வீரர் 'தொடர்க' என்ற விசையை அழுத்திய பின்னரே எந்திரம் இயங்கும்.

இரண்டு நிகழ்வுகள்

இந்த மொழியின் வரம்புகள் விரைவிலேயே தெரிந்தன. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 நிலவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. விண்மீன் எண் 01ஐத் தேர்ந்தெடுக்க முயன்ற ஜிம் லவெல் தவறுதலாக நிரல் எண் 01ஐ இயக்கிவிட்டார். அது விண்கலம் ஏவுதளத்தில் நிற்கும்போது பயன்படுத்த வேண்டிய நிரல். கணினி எதிர்க் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தது; விண்கலத்தின் திசை பற்றிய தகவலை இழந்தது. லவெல் விண்மீன்களைப் பார்த்து அதை மீண்டும் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இத்தகைய தவறு நேரலாம் என்று மென்பொருள் பொறியாளர் மார்கரெட் ஹாமில்டன் முன்பே எண்ணியிருந்தார். சோதனையின்போது அவருடைய சிறுவயது மகள் விசைகளை அழுத்தி இதே நிலையை உருவாக்கியிருந்தாள். அதைத் தடுக்க மென்பொருளில் பாதுகாப்பு சேர்க்க அவர் விரும்பினார். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படித் தவறு செய்யமாட்டார்கள் என்று சொல்லி அதை ஏற்கவில்லை என ஹாமில்டன் பின்னாளில் கூறியுள்ளார்.

இரண்டாவது நிகழ்வு 1969 ஜூலை 20 அன்று நடந்தது. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அந்த எண்ணின் பொருள் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் உடனடியாகத் தெரியவில்லை. 'எனக்கு வேலைப்பளு அதிகமாகிவிட்டது. முக்கியமானவற்றை மட்டும் செய்கிறேன்' என்பதே கணினி சொல்ல வந்தது. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற இளம் பொறியாளர் எச்சரிக்கை எண்களுக்கெல்லாம் கையால் எழுதிய பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். அவரது உதவியோடு வழிகாட்டுதல் அலுவலர் ஸ்டீவ் பேல்ஸ் 'தொடரலாம்' என்று முடிவு சொன்னார்.

கணினி தன் நிலையைச் சரியாகவே சொன்னது. அதை மனிதருக்குப் புரியும்படி மொழிபெயர்க்கப் பூமியில் ஒருவர் தேவைப்பட்டார். நிலவுக்கும் பூமிக்கும் இடையே வானொலி அலை சென்று திரும்ப இரண்டரை வினாடி அளவே ஆகும் என்பதால் அந்த உதவி உரிய நேரத்தில் கிடைத்தது.

நிலாக் கற்களைப் பற்றிய கேள்விகள்

அப்பல்லோ 11 சுமார் 21.5 கிலோ நிலாக் கற்களையும் மண்ணையும் கொண்டுவந்தது. அவற்றின் வேதியியல் பகுப்பாய்வுத் தரவுகளை நிரலாக்கம் அறியாத புவியியலாளர்களும் பயன்படுத்த வேண்டியிருந்தது. இதற்காக போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் வில்லியம் வுட்ஸ் தலைமையில் 'லூனார்' என்ற அமைப்பு உருவானது. காரத்தன்மை மிகுந்த கற்களில் அலுமினியத்தின் சராசரி அளவு என்ன என்பது போன்ற கேள்வியை இயல்பான ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் போதும். அமைப்பு முதலில் வாக்கியத்தை இலக்கணப்படி பிரிக்கும். பிறகு பொருளை ஒரு தேடல் கட்டளையாக மாற்றும். இறுதியில் தரவுகளைத் தேடி விடை தரும்.

1971இல் ஹூஸ்டனில் நடந்த நிலா அறிவியல் மாநாட்டில் அறிவியலாளர்களே இதைச் சோதித்தனர். 78 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்தது. சிறு குறைகளை நீக்கியிருந்தால் அது 90 விழுக்காடாக உயர்ந்திருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. அக்காலத்தில் இது பெரிய சாதனை. பேசுபொருளின் எல்லையைக் குறுக்கினால் இயல்பான மொழியைக் கணினி கையாள முடியும் என்பதை லூனார் காட்டியது.

குரலும் கிளாரிசாவும்

விசையை அழுத்தக் கை வேண்டும். விண்வெளியிலோ ஒரு கையில் கருவி இருக்கும். மறு கை உடல் மிதந்து செல்லாமல் பிடித்துக்கொள்ளத் தேவைப்படும். குரல்வழிக் கட்டளையின் தேவை இங்கிருந்து பிறந்தது. 1990 அக்டோபரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் நிழற்படக் கருவிகளைக் குரலால் இயக்கும் சோதனை நடந்தது.

அடுத்த பெரிய முயற்சி கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நிகழ்ந்தது. மேனி ரேனர், பெத் ஆன் ஹாக்கி உள்ளிட்ட குழுவினர் முதலில் மிதக்கும் பந்து வடிவ உதவியாளர் ஒன்றுக்கான உரையாடலை மாதிரியாக்கத்தில் சோதித்தனர். பின்னர் 'கிளாரிசா' என்ற அமைப்பை உருவாக்கினர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் குடிநீர்ச் சோதனை முதல் பழுதுபார்த்தல் வரை ஆயிரக்கணக்கான செய்முறைகள் உள்ளன. கிளாரிசா ஒவ்வொரு படியையும் உரக்கப் படித்துக் காட்டும். வீரர் சொன்னதும் அடுத்த படிக்குச் செல்லும். குரல் குறிப்புகளைப் பதிவுசெய்யும். 2005 ஜூன் மாதத்தில் ஜான் பிலிப்ஸ் இதை விண்வெளி நிலையத்தில் பயன்படுத்தினார்.

ஆய்வாளர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் இரண்டு. முதலாவது, பயிற்சிக்குரிய பேச்சுப் பதிவுகள் இல்லாமை. இல்லாத ஓர் இயந்திரத்தோடு யாரும் பேசியிருக்க முடியாதல்லவா? எனவே பொதுவான ஆங்கில இலக்கணத்தை எடுத்து, சில எடுத்துக்காட்டு வாக்கியங்களின் துணையோடு இந்தப் பணிக்கேற்பச் சுருக்கினார்கள்.

இரண்டாவது இடர்ப்பாடு நுட்பமானது. ஒலிவாங்கி எப்போதும் திறந்திருக்கும். வீரர் சக வீரரோடும் தரைக்கட்டுப்பாட்டு மையத்தோடும் பேசுவார். அந்தப் பேச்சில் 'அடுத்தது' என்ற சொல் வந்தால் கிளாரிசா ஒரு படியைத் தாண்டிவிடலாம். குடிநீர்ச் சோதனையில் ஒரு படி விடுபடுவது சிறு தவறன்று. ஆகவே தன்னை நோக்கிய பேச்சு எது, அல்லாதது எது எனப் பிரித்தறியவும் அதற்குக் கற்பித்தனர். தவறாகப் புரிந்துகொண்டால் வீரர் ஒரு சொல்லில் திருத்தலாம். கவனம் மிகத் தேவைப்படும் செய்முறைகளில் ஒவ்வொரு படியும் முடிந்ததா என வீரர் உறுதி சொன்ன பின்னரே மேலே செல்லும் முறையும் இருந்தது. லவெலின் கணினி கேட்கத் தவறிய எதிர்க் கேள்வியை, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் கிளாரிசா கேட்டது.

பேச்சுத் துணைகள்

2013இல் ஜப்பான் அனுப்பிய 34 செ.மீ. உயரமுள்ள கிரோபோ என்ற இயந்திரப் பொம்மை, விண்வெளி நிலையத்தில் கோயிச்சி வகாட்டாவுடன் ஜப்பானிய மொழியில் உரையாடியது. 2018இல் ஜெர்மனியின் சைமன் சென்றது. சுமார் 5 கிலோ எடையுள்ள இந்தப் பந்து வடிவ உதவியாளர் நவம்பர் 15 அன்று அலெக்சாண்டர் கெர்ஸ்டுடன் பேசியது. அவருக்குப் பிடித்த பாடலை இசைத்த சைமன், நிறுத்தச் சொன்ன பிறகும் இசையைப் பற்றிய பேச்சிலிருந்து விலகவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் உரையாடலின் பொருள் மாறிவிட்டதை இயந்திரம் உணராமல் போவது, ஆபத்து வேளையில் சிரிப்புக்குரியதாக இராது.

இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்காக 2020 ஜனவரியில் பெங்களூருவில் அறிமுகப்படுத்தப்பட்ட 'வியோமமித்ரா' ஆங்கிலமும் இந்தியும் பேசும்.

செவ்வாயை நோக்கி

சைமன் கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை பெரும்பாலும் பூமியில் உள்ள கணினிகளில்தான் நடந்தது. விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருப்பதால் அது இயன்றது. செவ்வாய்க்கு ஒரு செய்தி ஒருவழியில் சென்றடையவே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். அங்கே 1202 போன்ற ஓர் எச்சரிக்கை எழுந்தால், பட்டியலைப் பார்த்து உடனே பொருள் சொல்ல ஹூஸ்டனில் இருப்பவரால் முடியாது. கணினியே தன் நிலையை விளக்க வேண்டும். ஐயம் இருந்தால் கேட்க வேண்டும்.

இன்றைய கணினிகள் சரளமாகப் பேசுகின்றன. சரளமான பேச்சு, புரிந்துகொள்ளாமையை மறைத்துவிடவும் கூடும். எண்களால் மட்டுமே பேசிய அப்பல்லோ கணினி, எந்திரத்தை இயக்கும் முன் மனிதரின் அனுமதிக்காகக் காத்திருந்தது. செவ்வாய்க்குச் செல்லும் கணினி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்தக் காத்திருப்பை மறக்கக் கூடாது.