அண்டர்வுட் தடுப்பு

மேல்தாடைச் சைனஸ் அறையின் தரையிலிருந்து எழும் மெல்லிய எலும்புச் சுவர். இங்கிலாந்தின் ஆர்தர் அண்டர்வுட் 1910-இல் இதை விரிவாக விவரித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறவியிலேயே அமைவதுண்டு, கடைவாய்ப்பல் பிடுங்கிய பின் சைனஸ் தரை ஒரே சீராக இறங்காமல், இடையில் வரப்புபோல எலும்பு மிஞ்சுவதுமுண்டு. இதனால் நோயோ வலியோ இல்லை.

பல் எக்ஸ்ரேயில் இது வெள்ளைக் கோடாகத் தெரியும். சிறிய படத்தில், தடுப்புக்கு இரு பக்கமும் உள்ள கருமையான குழிகள் வேர்நுனிக் கட்டியைப் போல ஏமாற்றும். வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளை வரி அறுபடாமல் இருந்தால் கட்டி என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படமும் நம்பகமானதல்ல: எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இல்லாத தடுப்பு தோன்றும், இருப்பது மறையும். குறிப்பாக, முன்பின்னாக ஓடும் தடுப்பு எளிதில் தப்பிவிடும். முப்பரிமாண சி.பி.சி.டி. படமே தெளிவு தரும்.

இம்ப்ளான்ட் பொருத்தச் சைனஸ் தரையை உயர்த்தும்போதுதான் இச்சுவர் தொல்லையாகிறது. அதன்மேல் படிந்த சவ்வைப் பிரிக்கையில் கிழிந்துபோகலாம்.