ரொட்டி இயந்திரம்

ரொட்டி இயந்திரம் என்பது மாவு, நீர், ஈஸ்ட், உப்பு முதலியவற்றிலிருந்து ரொட்டியைத் தானாகவே தயாரிக்கும் மின் சமையற் கருவி ஆகும். பிசைதல், புளிக்கவைத்தல், சுடுதல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கலத்தினுள் அடுத்தடுத்து நடைபெறுவது இதன் சிறப்பாகும். இக்கட்டுரையில் ரொட்டி என்பது அடுமனைகளில் விற்கப்படும் உப்பிய ரொட்டியை (பிரெட்) குறிக்கிறது. சப்பாத்தி போன்ற தட்டையான ரொட்டிகளை அன்று. இலங்கைத் தமிழில் இது பாண் எனப்படுகிறது. பாண் என்னும் சொல்லும், ஜப்பானிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் பான் என்னும் சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை.

வீட்டில் பயன்படும் சிறிய வகை இயந்திரம் ஏறத்தாழ 450 கிராம் (1 பவுண்டு) எடையுள்ள ரொட்டியைச் சுடும். பெரிய வகைகள் 900 கிராம் வரை சுடக்கூடியவை. ஜப்பானில் ரொட்டியின் அளவு கின் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. அங்குக் கடைகளில் விற்கப்படும் 1 கின் ரொட்டி குறைந்தது 340 கிராம் இருத்தல் வேண்டும்.

வரலாறு

வீட்டு ரொட்டி இயந்திரங்கள் 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் ஒசாக்காவைச் சேர்ந்த மட்சுஷிட்டா மின்சார நிறுவனம் (2008 முதல் பானசோனிக்) 1987இல் வெளியிட்ட இயந்திரத்தின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. இந்நிறுவனத்தின் தொடக்ககால மாதிரிகளில் ரொட்டியின் மேற்புறம் கருகியும் உட்புறம் வேகாமலும் இருந்தது. இயந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்த சமையற்காரர் பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் பொறியாளர்களுக்குக் காரணம் விளங்கவில்லை.

அக்குழுவில் மென்பொருள் பிரிவைச் சேர்ந்த இக்குகோ தனாகா, சுவையான ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாக்கா பன்னாட்டு விடுதியின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சி பெற்றார். அக்கலைஞர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதை அவர் கவனித்தார். இந்த அசைவைப் பெறுவதற்காகக் கலத்தின் உட்சுவரில் புடைப்புகள் அமைக்கப்பட்டன. பிசையும் துடுப்பின் வேகமும் மாற்றப்பட்டது. பின்னர், செலவைக் குறைக்கும் பொருட்டுக் குளிர்விக்கும் அமைப்பு நீக்கப்பட்டு, ஈஸ்டைப் பிந்திய கட்டத்தில் சேர்க்கும் முறை கையாளப்பட்டது.

2010 நவம்பரில் சான்யோ நிறுவனம் கோப்பான் என்னும் இயந்திரத்தை ஜப்பானில் வெளியிட்டது. சோற்றைக் குறிக்கும் கோஹான், ரொட்டியைக் குறிக்கும் பான் ஆகிய சொற்களின் சேர்க்கையே இப்பெயர். இது அரிசியை ஊறவைத்து, தானே அரைத்து, அதிலிருந்து ரொட்டி சுடும். ஜப்பான் தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது; அரிசி உண்பதோ அங்குக் குறைந்து வந்தது. எனவே இவ்வியந்திரம் பெரும் வரவேற்பைப் பெற்றது. தேவைக்கேற்ப உற்பத்தி செய்ய இயலாமல் முன்பதிவு சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

உள்ளுறை அறிவு பற்றிய விவாதம்

செய்யத் தெரிந்தும் சொற்களால் முழுமையாக விளக்க முடியாத அறிவை மைக்கேல் பொலானி உள்ளுறை அறிவு என்றார். இகுஜிரோ நொனாகா, ஹிரோடகா டகேயுச்சி ஆகியோர் 1995இல் வெளியிட்ட நூலில், ரொட்டிக் கலைஞரின் உள்ளுறை அறிவு இயந்திரத்தின் வடிவமைப்பாக மாற்றப்பட்டதற்கு மட்சுஷிட்டா இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டனர். மேலாண்மைக் கல்வியில் இது புகழ்பெற்ற எடுத்துக்காட்டாயிற்று.

ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி கொலின்ஸ் ஆகியோர் 2007இல் இக்கருத்தை மறுத்தனர். எப்போதும் ஒரே வகையாகச் செய்யத்தக்க அசைவுகளை மட்டுமே இயந்திரம் செய்கிறது என்பதும், சூழலுக்கேற்ப முடிவெடுக்கும் திறன் மனிதரிடமே எஞ்சுகிறது என்பதும் அவர்களுடைய வாதம். சீரான மாவும், துல்லியமான அளவும், இயந்திரத்தின் குறையை ஈடுசெய்யும் பயனரும் இல்லாவிடில் நல்ல ரொட்டி கிடைக்காது. கீழே பயன்பாடு பற்றிக் கூறப்படுபவை பலவும் அவ்வாறு பயனரிடம் விடப்பட்ட வேலைகளே.

அமைப்பு

- கலம்: ஒட்டாப் பூச்சு பூசப்பட்ட, கழற்றக்கூடிய உலோகப் பாத்திரம். பிசைவதும் சுடுவதும் இதனுள்ளேயே நடைபெறும்.
- துடுப்பு: கலத்தின் அடியில் உள்ள அச்சில் பொருந்திச் சுழலும் சிறு தகடு.
- மின்னோடி: பெரும்பாலும் பட்டை வழியாக அச்சைச் சுழற்றும்.
- வெப்பமூட்டி: கலத்தின் கீழ்ப்பகுதியைச் சுற்றி அமைந்திருக்கும். 450 கிராம் வகைகளின் மின்திறன் பொதுவாக 400 முதல் 600 வாட் வரை.
- வெப்ப உணரியும் நுண்கட்டுப்படுத்தியும்: வெப்பநிலையை அளந்து, நிரலின்படி மின்னோடியையும் வெப்பமூட்டியையும் இயக்குபவை.

வெப்பமூட்டி புளிக்கும்போது சிறிதளவே இயங்குவதாலும், சுடும்போதும் விட்டுவிட்டே இயங்குவதாலும், ஒரு ரொட்டிக்குச் சுமார் 0.3 முதல் 0.5 அலகு மின்சாரமே செலவாகும்.

செயல்படும் முறை

சாதாரண வெள்ளை ரொட்டிக்கான சுழற்சி 3 முதல் 4 மணி நேரம் நீடிக்கும். அதன் கட்டங்கள் வருமாறு:

1. கலத்தல்: துடுப்பு விட்டுவிட்டுச் சுழன்று மாவையும் நீரையும் சேர்க்கும்.
2. பிசைதல்: 15 முதல் 25 நிமிடம். கோதுமையிலுள்ள கிளியாடின், குளுட்டெனின் ஆகிய புரதங்கள் நீருடன் சேர்ந்து குளுட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன.
3. புளித்தல்: ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு அவ்வலையில் சிக்குவதால் மாவு உப்புகிறது. இடையிடையே துடுப்பு சில முறை சுழன்று பெருங்குமிழிகளை உடைக்கும்.
4. சுடுதல்: 40 முதல் 60 நிமிடம்.
5. சூடு காத்தல்: ரொட்டியை எடுக்காவிடில் சுமார் ஒரு மணி நேரம் மிதமான சூட்டில் வைத்திருக்கும்.

பிசைவதோடு நின்றுவிடும் நிரல் பெரும்பாலான வகைகளில் உண்டு. அம்மாவைக் கொண்டு பன், பீட்சா முதலியவற்றை வேறு அடுப்பில் சுடலாம். ஜப்பானிய வகைகள் பலவற்றில் மோச்சி எனப்படும் அரிசிப் பண்டத்துக்கான நிரலும் உண்டு.

சேர்பொருட்கள்

450 கிராம் ரொட்டிக்குப் பொதுவான அளவுகள்:

- ரொட்டி மாவு: 280 கிராம்
- நீர்: 180 மில்லிலிட்டர்
- சர்க்கரை: 12 கிராம்
- வெண்ணெய் அல்லது எண்ணெய்: 12 கிராம்
- உப்பு: 5 கிராம்
- உடனடி ஈஸ்ட்: 3 கிராம்

மாவைக் கோப்பையால் அளந்தால், அழுத்தி நிரப்புவதற்கேற்ப எடை மாறும். ஆகவே சமையலறைத் தராசில் நிறுப்பதே சிறந்தது. உப்பும் ஈஸ்டும் ஒன்றின்மேல் ஒன்று படாமல் இடவேண்டும். பல இயந்திரங்களில் நீரை முதலிலும் ஈஸ்டை மாவின் மேலும் இடுவர். சிலவற்றில் ஈஸ்ட் முதலில் இடப்படும். எம்முறையிலும் பிசையத் தொடங்கும் வரை ஈஸ்ட் நனையாமல் இருப்பதே நோக்கமாகும்.

புரதம் 11 முதல் 13 விழுக்காடு உள்ள மாவு இதற்கு ஏற்றது. முழுக் கோதுமை மாவிலுள்ள தவிடு நீரை மிகுதியாக உறிஞ்சும்; குளுட்டன் வலையையும் அறுக்கும். எனவே அதற்குக் கூடுதல் நீரும் நீண்ட நிரலும் தேவை.

இரண்டாம் முறை பிசையத் தொடங்கிய சில நிமிடங்களில் மூடியைத் திறந்து பார்ப்பது நன்று. மாவு வழவழப்பான ஒரே உருண்டையாக, விரலில் இலேசாக ஒட்டும் பதத்தில் இருக்கவேண்டும். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி நீரும், குழைந்தால் ஒரு தேக்கரண்டி மாவும் சேர்த்துச் சரிசெய்யலாம்.

வெப்ப நாடுகளில் பயன்பாடு

பிசைந்து முடிந்த மாவின் வெப்பநிலை 26 முதல் 28 பாகை செல்சியசுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. பிசையும் உராய்வாலேயே மாவு சூடாகும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் கோடையில் அறையே 30 பாகையைத் தாண்டுவதால், மாவு அளவுக்கு மீறிப் புளித்து, சுடும்போது அமுங்கிவிடும். பெரும்பாலான இயந்திரங்களில் சூடேற்றும் அமைப்பு உண்டு. குளிர்விக்கும் அமைப்பு இல்லை. ஆகவே குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதும், ஈஸ்டைக் கால் பங்கு வரை குறைப்பதும் தீர்வுகளாகும்.

சுடும் நேரத்தைத் தள்ளிவைக்கும் வசதியைப் பயன்படுத்தும்போது பால், முட்டை ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. வெப்பமான இரவில் அவை பல மணி நேரம் அறைவெப்பத்தில் கிடந்து கெட்டுவிடும். பாலுக்குப் பதில் பால்மாவும் நீரும் சேர்க்கலாம்.

சில நிமிட மின்வெட்டுக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பல இயந்திரங்களில் உண்டு. நீண்ட மின்வெட்டில் நிரல் அழிந்துவிடும். அவ்வேளையில் மாவை எடுத்து வேறு பாத்திரத்தில் புளிக்கவைத்து, வேறு அடுப்பில் சுட்டு வீணாகாமல் காக்கலாம். ஜப்பான் (100 வோல்ட்டு), அமெரிக்கா (120 வோல்ட்டு) ஆகிய நாடுகளில் வாங்கிய இயந்திரங்களை இந்தியா, இலங்கை ஆகியவற்றின் 230 வோல்ட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைத்தல் ஆகாது. தகுந்த திறனுள்ள மின்மாற்றி தேவை.

பொதுவான குறைகளும் காரணங்களும்

- நடுப்பகுதி அமுங்குதல்: மிகுந்த நீர் அல்லது ஈஸ்ட், குறைந்த உப்பு, அறையின் வெப்பம்.
- உப்பாமல் கட்டியாதல்: பழைய ஈஸ்ட், நீர்க்குறைவு, புரதம் குறைந்த மாவு.
- மேற்புறம் வெளிறியிருத்தல்: மேலே வெப்பமூட்டி இல்லாமை. இது பெரும்பாலும் இயந்திரத்தின் இயல்பே.
- அடியில் துளை: துடுப்பு பதிந்த இடம். கடைசிப் பிசைவுக்குப் பின் துடுப்பை எடுத்துவிட்டால் துளை சிறிதாகும்.

நிறைகளும் வரம்புகளும்

உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் அளவை வீட்டாரே முடிவு செய்யலாம். குளுட்டன் உட்கொள்ள இயலாத சீலியாக் நோயாளர்களுக்குக் குளுட்டன் இல்லாத ரொட்டி சுடவும் இது பயன்படுகிறது. ஆயின் முன்பு கோதுமை பிசைந்த கலத்தில் ஒட்டியுள்ள சிறு துகளும் அவர்களுக்குத் தீங்கானது. எனவே அவர்களுக்கெனத் தனிக் கலமும் துடுப்பும் வைத்திருத்தல் பாதுகாப்பானது.

பதப்பொருள் சேராததால் இந்த ரொட்டி ஓரிரு நாட்களில் உலர்ந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாப்பொருள் மீண்டும் படிகமாவது விரைவுபட்டு, ரொட்டி இன்னும் விரைவில் கடினமாகும். துண்டுகளாக்கி உறைநிலைப் பெட்டியில் வைப்பதே ஏற்றது.

பராமரிப்பு

ரொட்டியை எடுத்ததும் கலத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் ஒட்டிய துடுப்பு எளிதில் கழலும். கலத்தின் வெளிப்புறத்தை நீரில் அமிழ்த்தினால் அச்சின் அடைப்பு விரைவில் தேய்ந்து கசியத் தொடங்கும். ஒட்டாப் பூச்சில் உலோகக் கரண்டி படக்கூடாது. ரொட்டியை ஆறவைத்த பின்பே வெட்டவேண்டும். சூடாக வெட்டினால் உட்பகுதி பிசுபிசுக்கும்.

இவற்றையும் பார்க்க

- ரொட்டி
- ஈஸ்ட்
- குளுட்டன்
- மின்சார அரிசிக் குக்கர்