ஸ்டாவ்கா: குன்னூரில் ஒரு தளபதியின் இல்லம்

கோவை மாவட்டத்தினின்று நீலகிரி தனியே பிரிந்தது 1868ஆம் ஆண்டில். ஆட்சி பிரிந்தாலும் வழி பிரியவில்லை. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை இரயில் இன்றும் குன்னூர் வழியாகத்தான் உதகைக்கு ஏறுகிறது. அந்தக் குன்னூரில் ‘ஸ்டாவ்கா’ என்றோர் இல்லம் உண்டு. உருசிய மொழியில் அச்சொல் போர்க்காலத் தலைமைப் பாசறையைக் குறிக்கும். 1971ஆம் ஆண்டுப் போரில் இந்தியத் தரைப்படையின் தலைவராக விளங்கிய பீல்டு மார்ஷல் சாம் மானெக்சா, ஓய்வுக்குப் பின் துணைவியார் சில்லுவுடன் வாழ்ந்த வீடு அது. படைத்தலைமையை விட்டு வந்தவர் வீட்டுக்குப் பாசறைப் பெயர் சூட்டியது அவருக்கே உரிய குறும்பு!

வினை முடித்து மீளும் தலைவனை முல்லைத்திணை பெரும்பாலும் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிடும். மானெக்சாவின் வரலாற்றை எழுதியோரும் ஏறத்தாழ அவ்வாறே செய்தனர். டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த 13 நாள் போரும், டாக்காவில் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேரும் நூல்களில் நிறைந்திருக்க, அதன்பின் மலையில் கழிந்த 35 ஆண்டுகள் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன.

அவர் இம்மலையைத் தேர்ந்ததே எண்ணிப் பார்க்கத்தக்கது. 1914இல் அமிர்தசரசில் பிறந்த பார்சி அவர். 1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் போரில் குண்டுபட்டு உயிர் தப்பியவர். 1959இல் குன்னூருக்கு அடுத்த வெலிங்டனில், படை அலுவலர் கல்லூரியின் தலைவராக வந்தார். அங்கேதான் அவருக்கு இழுக்கும் நேர்ந்தது. நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழி சுமத்தப்பட்டு, விசாரணை மன்றத்தின்முன் நிற்க நேர்ந்தது. பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. எதிரியின் குண்டைவிட இப்பழி ஆழமாகத் தைத்திருக்கும் என்று கருத இடமுண்டு. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்பது தெளிந்தது. 1962இல் சீனப்படை முன் கிழக்கெல்லை நிலைகுலைந்தபோது, தேசுபூரில் தளர்ந்து நின்ற படைக்குத் தலைமையேற்க அவரையே அனுப்பினர். பழி சுமந்த இடத்தைப் பலர் திரும்பியும் பாரார். இவரோ எல்லாச் சிறப்பும் எய்தியபின் அங்கேயே குடியேறினார்.

1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார். இந்தியத் தரைப்படையில் அப்பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்கே. பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பது இல்லை. வாழ்நாள் முழுதும் முழு ஊதியம் உரியது. ஆயினும் அந்த நிலுவை அவர் கைக்கு வந்தது, அப்துல் கலாம் குடியரசுத் தலைவராயிருந்த 2007ஆம் ஆண்டில்தான். தொகை ஒரு கோடிக்கு மேல். அப்போது அவருக்கு வயது 93. சில்லு அம்மையார் 2001இலேயே மறைந்துவிட்டார்.

2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் படை மருத்துவமனையில் மானெக்சா காலமானார். உதகையின் பார்சி இடுகாட்டில், படை மரியாதையுடன், மனைவியின் அருகே அடக்கம் நடந்தது. குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை. பாதுகாப்புத் துறையின் இணையமைச்சர் வந்திருந்தார். தலைநகரின் இப்புறக்கணிப்பு அக்காலத்தில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மறு ஆண்டில் குன்னூர்–உதகை நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. மலையேறும் கோவை வண்டிகள் பல நாள்தோறும் அதனைக் கடந்துதான் உதகை செல்கின்றன.